நீலச் சட்டைக்காரரும் நானும்

ஹொக்கி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனக்கண் முன் தோன்றுவன பசும்புற்றரையும், வளைந்த மட்டையும், வெயிலிற் பளிச்சிடும் வெண்பந்துமே. மாத்தளை நகரத்தாரைக் கேட்டால் இவ்விளையாட்டைப் பற்றிப் பொழுது சாயும்வரை பேசுவார்கள். ஆனால், கனடா தேசத்தில் ஒருவர் ஹொக்கி என்று வாய் திறந்தால் அங்கே புல்லுக்கும் வேலையில்லை, வெயிலுக்கும் வேலையில்லை. உறைந்த நீரே மைதானம். பாதங்களிலே கூரிய இரும்பலகு பொருத்திய சப்பாத்துகள். பந்துக்குப் பதிலாக, மூன்று அங்குலக் குறுக்களவும் ஓரங்குலத் தடிப்புமுள்ள கறுத்த இறப்பர் வட்டு. 'பக்' என்பது அதன் பெயர். பனியின் மேல் துள்ளாமல் வழுக்கிச் செல்லவேண்டும் என்பதற்காக அதனை உறையவைத்தே ஆட்டத்துக்கு எடுக்கிறார்கள்.

இந்த ஆட்டத்திலே ரொறன்ரோ மாநகருக்கென ஒரு தொழில்முறைக் கோஷ்டி உண்டு. மேப்பிள் லீவ்ஸ் என்பது அதன் நாமம். மேப்பிள் மரத்தின் இலைகள் என்று பொருள். நீலமும் வெள்ளையும் அதன் நிறங்கள். அக்கோஷ்டியின் அபிமானிகளுள் நானும் ஒருவன். இதைச் சொன்ன மாத்திரத்தே கனடாவின் பிற நகரத்தவர்கள் இளநகை பூப்பார்கள். காரணம் சுருக்கமானது. ஹொக்கி உலகத்தின் தலையாய பரிசாகிய ஸ்ரான்லி கிண்ணத்தை எங்கள் கோஷ்டி கடைசியாக வென்றது 1967ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி. அன்று தொட்டு 2025ஆம் ஆண்டுப் பருவம் முடியும்வரை அக்கிண்ணம் ரொறன்ரோவுக்குத் திரும்பவில்லை. நான் அந்த நகரத்தில் காலடி வைத்தது 1986இல். ஆகவே, என் கோஷ்டி கிண்ணம் தூக்கியதை நான் ஒரு நாளும் கண்டதில்லை.

அப்படியானால் அபிமானம் எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்பது நியாயமே.

ஊரை விட்டு வந்த முதற் பனிக்காலத்தில், ஓர் உணவுச்சாலையின் பின்கட்டிலே தட்டுக் கழுவும் வேலை எனக்குக் கிடைத்தது. இரவு வேலை. அங்கே மரக்கறி நறுக்குபவராக ஒரு கிழவர் இருந்தார். என் ஆங்கிலம் அவருக்கு விளங்காது. அவருடைய ஆங்கிலம் எனக்கு விளங்காது. சனிக்கிழமை இரவானால் அவர் அலுமாரியின் மேலிருந்த வானொலிப் பெட்டியை முடுக்கிவிடுவார். நேர்முக வர்ணனையாளரின் குரல் ஏறும்போது அவருடைய கத்தி நிற்கும். குரல் தாழும்போது கத்தி மீண்டும் ஓடத் தொடங்கும். இரண்டு வாரத்துக்குள் என் கையிலிருந்த தட்டும் அவ்வாறே நிற்கக் கற்றுக்கொண்டது. 'கோல்' என்ற சொல் ஒன்றுதான் எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது. அதைக்கொண்டே பேசத் தொடங்கினோம்.

ஒரு பங்குனி மாதத்தில் அவர் என்னைத் தம் செலவிலேயே மேப்பிள் லீவ் கார்டன்ஸ் என்னும் ஆட்ட மண்டபத்துக்கு அழைத்துச் சென்றார். உச்சி வரிசையிலுள்ள சாம்பல்நிற ஆசனங்கள், ஏழைகளின் ஆசனங்கள். அங்கிருந்து பார்த்தால் கீழே 200 அடி நீளமும் 85 அடி அகலமுமான வெண்பனித் தரை ஒரு கடுதாசித் துண்டைப் போலத் தெரிந்தது. ஒரு பக்கத்துக்கு அறுவர். அவர்களுள் ஒருவர் கோல் காப்பாளர். மற்றவர்கள் ஒரு நிமிடங்கூடத் தரித்து ஆடுவதில்லை. மூச்சு வாங்கியதும் வேலிக்கு மேலால் பாய்ந்து வெளியேற, புதியவர்கள் உள்ளே பாய்கிறார்கள், ஆட்டமோ நிற்பதில்லை. கிளித்தட்டு மறித்த கால்களுக்கு இந்த ஆட்டத்தின் சூட்சுமம் விரைவிலே பிடிபட்டுவிடும். எதிரி எங்கே இருக்கிறான் என்பதைவிட அடுத்த கணம் எங்கே இருக்கப் போகிறான் என்பதையே கணக்கிட வேண்டும். அன்று நாங்கள் தோற்றோம். வெளியே வந்து ட்ராம் வண்டிக்குக் காத்து நிற்கையில் கிழவர் சொன்னார்: "அடுத்த வருஷம்."

அவர் சொன்ன பழங்கதைகளிலேதான் எனக்கு அந்த நகரம் அறிமுகமாயிற்று. கொன் ஸ்மைத் என்பவர் 1927இல் நலிந்து கிடந்த ஒரு கோஷ்டியை வாங்கி, முதலாம் உலகப்போரிற் கனடியப் போர்வீரர் அணிந்த சின்னமாகிய மேப்பிள் இலையையே அதற்குப் பெயராக இட்டார். பொருளாதார மந்தம் உலகத்தை அழுத்திய 1931இல், ஆறு மாதத்துக்கும் குறைந்த காலத்தில், அந்த மண்டபத்தை எழுப்பினார். பணம் போதவில்லை. வேலையாட்கள் தங்கள் கூலியில் ஐந்திலொரு பகுதியை மண்டபத்தின் பங்குப் பத்திரங்களாகப் பெற உடன்பட்டதனாலேயே கூரை ஏறிற்று. நவம்பர் 12ஆம் திகதி திறப்பு விழா. முதலாவது ஆட்டத்திலே சிக்காகோ கோஷ்டியிடம் 2க்கு 1 என்று தோற்றார்கள்! இருந்தாலும் அந்தப் பருவம் முடிந்த 1932இல் கிண்ணம் அவர்களுடையதாயிற்று.

1942ஆம் ஆண்டின் கதையைச் சொல்லும்போது கிழவர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். கிண்ணத்துக்கான இறுதிப் போட்டி ஏழு ஆட்டங்களைக் கொண்டது. நான்கை முதலில் வென்றவர்க்கே கிண்ணம். டெற்றோயிற் கோஷ்டி முதல் மூன்று ஆட்டங்களையும் வென்றுவிட்டது. ரொறன்ரோ எஞ்சிய நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக வென்றது. ஸ்ரான்லி கிண்ண இறுதிப் போட்டியிலே மூன்று ஆட்டங்கள் பின்னின்ற ஒரு கோஷ்டி மீண்டெழுந்து வென்றது அந்த ஒரேயொரு தடவைதான்.

பில் பரில்கோவின் கதை வேறு வகையானது. 1951இல் மொன்றியலுக்கு எதிரான இறுதிப் போட்டியில் ஆடப்பட்ட ஐந்து ஆட்டங்களும் மேலதிக நேரத்திலேயே முடிவாயின. ஐந்தாவதில், காப்பு வரிசையில் நின்ற இந்த 24 வயது இளைஞன் முன்னே பாய்ந்து, நிலை தடுமாறி விழுந்தவாறே கோல் அடித்தான். கிண்ணம் ரொறன்ரோவுக்கு. நான்கு மாதம் சென்றபின், ஆவணி மாதக் கடைசியில், மீன்பிடிக்கவென்று நண்பர் ஒருவரோடு சிறு விமானத்திலே வடக்கே பறந்தவன் திரும்பவில்லை. தேடினார்கள், கிடைக்கவில்லை. அன்று தொட்டுக் கோஷ்டிக்கும் கிண்ணம் கிடைக்கவில்லை. பதினொரு வருஷம் கழிந்து, 1962 சித்திரையில் மேப்பிள் லீவ்ஸ் கிண்ணத்தை வென்றது. அதற்குச் சில வாரங்களின் பின், ஆனி மாதத்தில், அடர்ந்த வடபுலக் காட்டிலே அந்த விமானமும் அதிற் சென்றவர்களின் எச்சங்களும் கண்டெடுக்கப்பட்டன. இதிற் காரண காரியத் தொடர்பு ஏதுமில்லை என்பதை அறிவு சொல்கிறது. ஆனால், காணாமற்போன பிள்ளை வீடு வரும்வரை விளக்கணையாது காத்திருக்கும் தாய்மாரைப் பார்த்த ஊரிலிருந்து வந்தவன் நான். அந்தக் கதையைக் கேட்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பின்னர் 1967. கனடாவின் நூறாவது பிறந்த ஆண்டு. மொன்றியல் நகரிலே உலகக் கண்காட்சி. கிண்ணமும் அந்த நகருக்கே என்று யாவரும் நினைத்திருந்தனர். எங்களுடையதோ கிழவர் கோஷ்டி. கோல் காப்பாளர் இருவரில் ஜோனி பவருக்கு 42 வயது. ரெறி சோச்சக்குக்கு 37. ஆறாவது ஆட்டத்தின் கடைசி நிமிடம். 2க்கு 1 என்று முன்னிற்கிறோம். மொன்றியல்காரர் தம் கோல் காப்பாளரை வெளியே எடுத்து, மேலதிகமாக ஒரு தாக்குநரை இறக்குகிறார்கள். எங்கள் பயிற்றுநர் அந்த வேளையில் இளைஞரை அனுப்பவில்லை. பழைய ஆட்களையே அனுப்பினார். 41 வயதான அலன் ஸ்ரான்லி பக்கை வென்றெடுக்க, அது கைமாறிக் கைமாறித் தலைவர் ஜோர்ஜ் ஆம்ஸ்ரோங்கிடம் வந்தது. ஆளற்ற கோலுக்குள் அதை அவர் அடித்தனுப்பினார். 3க்கு 1. அந்த வேளையிற் பனித்தரையில் நின்றவர்களுள் ரிம் ஹோர்ட்டனும் ஒருவர். கனடாவிலுள்ள உங்கள் உறவினர் காலையில் எந்தக் கோப்பிக் கடை வாசலில் வரிசையாக நிற்கிறார்களோ, அந்தக் கடைக்குப் பெயர் தந்தவர் அவரேதான்.

அத்துடன் எங்கள் பொற்காலம் முடிந்தது. ஏன் முடிந்தது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதுவரை ஆறே கோஷ்டிகள் இருந்தன, அடுத்த பருவத்திலே பன்னிரண்டாயின, இன்று முப்பத்திரண்டு. பாடசாலைப் பருவத்திலேயே பையன்களைத் தேடிப் பிடித்து உரிமை கொள்ளும் பழைய வழக்கம் நின்று, எல்லாக் கோஷ்டிகளும் முறைவைத்து இளைஞரைத் தெரியும் ஏற்பாடு வந்தது. இவை மெய்தான். ஆயினும் என் கட்சி வேறு. 1972 முதல் 1990இல் இறக்கும்வரை கோஷ்டியைத் தம் கைக்குள் வைத்திருந்த ஹரல்ட் பலார்ட், ஆட்டத்தை நேசித்ததிலும் பார்க்கக் காசை நேசித்தவர். நிதி மோசடிக்காகச் சிறையும் இருந்தவர். வென்றாலும் தோற்றாலும் ஆசனங்கள் நிரம்பும் என்பதை அவர் கண்டுகொண்டார். அபிமானியின் விசுவாசமே அபிமானிக்குப் பகையாயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆனால் அந்த ஆசனங்களை நிரப்பியவர்களுள் நானும் ஒருவன் அல்லவா?

1993இல் எங்களுக்கு ஒரு வசந்தம் வந்தது. டக் கில்மர் என்ற மெலிந்த மனிதர் ஒருவர் கோஷ்டி முழுவதையும் தோளில் சுமந்தார். டெற்றோயிற்றை ஏழாவது ஆட்டத்தில் வென்றோம். சென்ற் லூயிஸை ஏழாவது ஆட்டத்தில் வென்றோம். லொஸ் ஏஞ்சலிஸ் கோஷ்டியுடனும் ஏழு ஆட்டம். வென்றால் இறுதிப் போட்டியில் மொன்றியல் காத்திருக்கிறது. ஆறாவது ஆட்டத்தின் மேலதிக நேரத்திலே, புகழ்பெற்ற வெயின் கிரெற்ஸ்கியின் மட்டை கில்மரின் நாடியில் பட்டு இரத்தம் வடிந்தது. அதற்குத் தண்டனை உண்டு. மத்தியஸ்தர் தண்டிக்கவில்லை. சற்று நேரத்தில் அதே கிரெற்ஸ்கி வெற்றி கோலை அடித்தார். இரண்டு நாளைக்குப் பின் ரொறன்ரோவில் ஏழாவது ஆட்டம். கிரெற்ஸ்கி மூன்று கோல். 5க்கு 4 என்று தோற்றோம். அப்போது நான் வேறு வேலைக்கு மாறியிருந்தேன். ஆனாலும் அன்றிரவு உணவுச்சாலைப் பின்கட்டுக்குப் போனேன். கிழவர் அழுதுகொண்டிருந்தார். பிரியும்போது "அடுத்த வருஷம்" என்று நான்தான் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் 1998இற் காலமானார். 1999 பெப்ரவரி 13ஆம் திகதி கார்டன்ஸ் மண்டபத்திலே கடைசி ஆட்டம் நடந்தது. முதல் ஆட்டத்தில் வந்த அதே சிக்காகோதான் எதிரி. 6க்கு 2 என்று தோற்றோம். கதவைத் திறந்தபோதும் தோல்வி, பூட்டியபோதும் தோல்வி. கிழவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

இதற்கிடையில் ஸ்காபரோவின் ஒழுங்கைகளிலே நம் பிள்ளைகள் ரெனிஸ் பந்தை வைத்துத் தெரு ஹொக்கி ஆடத் தொடங்கியிருந்தனர். வாகனம் வந்தால் "கார்!" என்று ஒரு குரல் எழும், கோல் கம்பங்களைத் தூக்கிக்கொண்டு ஓரமாவார்கள், கார் போனதும் ஆட்டம் தொடரும். அந்தப் பையன்களுள் என் மகனும் ஒருவன். மற்ஸ் சுண்டின் என்ற சுவீடன் தேசத்தவர் அப்போது கோஷ்டித் தலைவர். எங்கிருந்தோ வந்த ஒருவரைத் தலைவராக ஏற்றுக்கொண்ட கோஷ்டி என்பதில் எனக்கு ஓர் அந்தரங்கத் திருப்தி இருந்தது. அதை நான் எவரிடமும் சொன்னதில்லை.

2013 மே 13ஆம் திகதியை எழுதாமல் விட முடியாது. ஒன்பது வருஷத்தின் பின் முதன்முறையாகக் கிண்ணத்துக்கான ஆட்டங்களிலே இடம்பெற்றிருந்தோம். பொஸ்ரனில் ஏழாவது ஆட்டம். ரொறன்ரோவின் புதிய மண்டபத்துக்கு வெளியே, முற்றவெளியில் பெருந்திரை கட்டியிருந்தார்கள். நானும் மகனும் ஆயிரக்கணக்கானோர் நடுவே நின்றோம். கடைசிப் பகுதியிலே 4க்கு 1 என்று முன்னின்றோம். முன்பின் அறியாதவர்கள் என்னைக் கட்டித் தழுவினார்கள். ஒரு சீக்கிய அன்பர் தம் நீலத் தலைப்பாகையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். பின்பு 4க்கு 2. இன்னும் ஒன்றரை நிமிடங்கூட இல்லை, 4க்கு 3. முப்பத்தொரு விநாடி கழிந்தது, 4க்கு 4. மேலதிக நேரத்திலே ஆறாவது நிமிடம் முடிந்து சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது. அத்தனை சனம் அப்படி மௌனமானதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சுரங்க ரயிலிலே கெனடி நிலையம் வரும்வரை நாங்கள் பேசவில்லை. பேருந்துக்கு நிற்கையில் மகன் கேட்டான்: "அப்பா, நீங்கள் இன்னும் இவங்களை நம்பப் போறீங்களோ? ஏற்கெனவே எவ்வளவோ இழந்தனீங்கள். இதையும் ஏன் தலையில தூக்கி வைக்கிறியள்?"

அந்தக் கேள்வி என்னைத் தைத்தது. உடனே விடை வரவில்லை. சற்றுப் பொறுத்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே நடக்கும் துடுப்பாட்டப் போரைப் பற்றிச் சொன்னேன். தன் கல்லூரி தோற்றுவிட்டது என்பதற்காக அடுத்த வருஷம் எவனாவது மற்றக் கல்லூரிக் கொடியைப் பிடித்ததுண்டா? பிடித்தால் அவனை வீட்டில் சேர்ப்பார்களா? மகன் சிரித்தான், ஆனால் திருப்திப்படவில்லை. "அது நீங்கள் படிச்ச பள்ளிக்கூடம். இது அப்படியே?" என்றான்.

அவன் சொன்னது சரிதான். இது நான் படித்த பள்ளிக்கூடம் அன்று. ஆனால், அந்த நகரத்துக்கு வந்த புதிதில் அதன் நல்ல காரியங்களில் எனக்குப் பங்கிருக்கவில்லை. அதன் பெரிய வீடுகளும், நல்ல உத்தியோகங்களும், கோடைக்கால ஏரிக்கரைகளும் மற்றவர்களுடையவை. தோல்வி ஒன்றுதான் சமபங்காகக் கிடைத்தது. மறுநாள் காலையிலே பேருந்துச் சாரதி, வங்கிக் காசாளர், வைத்தியசாலைத் தாதி எல்லாரும் ஒரே முகத்தோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். நானும் தலையசைத்தேன். அந்நியன் ஒருவனிடம் எவரும் அப்படித் தலையசைப்பதில்லை. இதை அன்றைக்கு மகனிடம் எடுத்துச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

துயரத்தையே சொல்லிக்கொண்டு போனால் வாசகர்கள் அலுத்துப்போவார்கள். 2020 பெப்ரவரி 22ஆம் திகதி நடந்ததையும் கேளுங்கள். கரோலினா கோஷ்டியின் கோல் காப்பாளர் இருவரும் அன்று காயமுற்றனர். அத்தகைய வேளைக்கென்று, ஆட்டம் நடக்கும் ஊரிலேயே ஒருவரைத் தயாராக வைத்திருப்பது அன்றைய விதி. அன்று அழைக்கப்பட்டவர் டேவிட் எயர்ஸ், 42 வயது, பனித்தரையை மெழுகும் இயந்திரத்தை ஓட்டுபவர், ஒருகாலத்தில் தாயாரின் சிறுநீரகத்தைப் பெற்று உயிர்தப்பியவர். எங்கள் கோஷ்டியின் பயிற்சிக்கே வந்து துணைநிற்பவர்! முதலில் வந்த இரண்டு அடிகளும் கோலாயின. அதன்பின் வந்த எட்டையும் தடுத்துவிட்டார். 6க்கு 3 என்று, எங்கள் சொந்த மண்டபத்திலே, எங்கள் சொந்த ஊர்க்காரரிடமே தோற்றோம். மகன் தொலைபேசியில் அழைத்தான். இருவரும் சிரித்த சிரிப்பில் ஒரு வார்த்தையும் பேச முடியவில்லை.

ஒஸ்ரன் மத்தியூஸ் என்ற பெருவீரர் இப்போது எங்களிடம் உண்டு. 2023-24ஆம் பருவத்திலே 69 கோல்கள் அடித்தவர். 2023 சித்திரையில் தம்பா பே கோஷ்டியை வென்றோம். கிண்ணத்துக்கான ஆட்டங்களில் ஒரு சுற்றை நாங்கள் தாண்டியது 2004க்குப் பின் அதுவே முதற் தடவை. தெருவெல்லாம் கார்கள் கொம்பு ஊதின, கிண்ணத்தையே வென்றது போல. 2025இல் ஒட்டாவாவை வென்று, புளோறிடாவுடன் ஏழாவது ஆட்டம்வரை போய், சொந்த மண்டபத்தில் 6க்கு 1 என்று வீழ்ந்தோம். அதைப் பற்றி மேலும் எழுத எனக்கு மனமில்லை.

பழைய கார்டன்ஸ் மண்டபம் இடிக்கப்படவில்லை. அதன் கீழ்த்தளம் இப்போது ஒரு பெரிய பலசரக்குக் கடை. மேல்மாடியிலே பல்கலைக்கழகம் ஒன்றின் பனித்தரை உண்டு. 2024 ஜனவரி 1ஆம் திகதி, பெண்களுக்கான புதிய தொழில்முறைச் சங்கத்தின் முதலாவது ஆட்டம் அங்கேதான் நடந்தது. ரொறன்ரோவும் நியூயோர்க்கும் மோதின. நுழைவுச் சீட்டு அகப்படாதபடியால் நானும் பேத்தியும் வீட்டில் தொலைக்காட்சியின் முன் இருந்தோம். அவளுக்கு ஒன்பது வயது. தெரு ஹொக்கியிலே கோல் காப்பவள். 4க்கு 0 என்று ரொறன்ரோ தோற்றது. அவள் உதட்டைப் பிதுக்கினாள். 1931ஆம் ஆண்டுத் திறப்பு விழாவைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். "அப்ப சரி, தாத்தா, அந்த இடத்தின்ர பழக்கம் அது," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவளைக் கீழேயுள்ள கடைக்கு அழைத்துச் சென்றேன். இருபத்தைந்தாவது வரிசையில், தகரப் பேணிகள் அடுக்கிய தட்டுகளுக்கு இடையே, நிலத்திலே ஒரு சிவப்பு வட்டம் தீட்டியிருக்கிறார்கள். முன்னாளில் பனித்தரையின் நடுப்புள்ளி அவ்விடம். அவள் அதன்மேல் ஏறி நின்று, முழங்காலை மடித்து, கைகளை விரித்து, கோல் காப்பவளைப் போலக் குனிந்தாள். சாமான் வண்டி தள்ளி வந்த ஒரு வயோதிபர் அவளைக் கண்டு நின்றார். வழி கேட்கவில்லை. தம் வண்டியைச் சற்றுப் பின்னே இழுத்துக்கொண்டு, அவள் எழும்பும்வரை காத்து நின்றார்.